மேளத்துக்குள் கைக்குட்டை

நியூ ஆர்லியன்ஸ்
1958 மார்ச் 9, ஞாயிறு

அனத்தோலுக்கு,

ஓனேசீம் சொல்ல, ஓடெலியா எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்ற நினைப்பில் இதை அனுப்புகிறேன். பதினோரு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு தாள் இல்லை. தபால் நிலையத்துப் பெட்டி எண் மாறவில்லை என்று நம்புகிறேன். உன் வீட்டு வாசலுக்கு என் கடிதம் வரக்கூடாது என்று நீ போட்ட சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஓடெலியாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பேண்டில் டிராம்போன் ஊதிய பாப்தீஸ்தின் பெண்சாதி. பாப்தீஸ்த் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது நம் சாவுச் செலவுச் சங்கத்தின் கணக்கும் சாவுக் குறிப்பும் இவள்தான் எழுதுகிறாள். என் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதச் சொன்னேன். "கெட்ட வார்த்தைய எழுத மாட்டேன்" என்கிறாள். சரி, அந்த இடங்களில் நீயே போட்டுப் படித்துக்கொள்.

நாம் ஏழு பேர் சாவு ஊர்வலத்தில் வாசித்து நடந்தோம். இப்போது நீயும் நானும் மிச்சம். என் இடது முழங்கால் போய்விட்டது, ஊர்வலத்தில் நடப்பதில்லை. யாராவது செத்தால் சன்னலில் உட்கார்ந்து கேட்கிறேன். இப்போது மேளம் அடிக்கிறவனுக்கு அவசரம் ஜாஸ்தி. பிணத்துக்கு முன்னால் வீடு போய்ச் சேர்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஹோல்கம் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வடக்கத்திக்காரர். என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு பெட்டி. அதில் இரண்டு சக்கரம், பழுப்பு நாடா. நாம் பேசினால் நாடா நக்கி எடுத்து வைத்துக்கொள்கிறது. ஜாஸ் என்பது எங்கேயிருந்து வந்தது என்று எழுதப்போகிறாராம். தாளில் நாலு பத்தி கோடு போட்டிருந்தார். ஆப்பிரிக்கா ஒன்று, பிரான்சு ஒன்று, கோயில் ஒன்று, பட்டாளம் ஒன்று.

"எந்தப் பத்தியில எதை எழுதட்டும், மிஸ்டர் ஓனேசீம்?"

"கோட்டை அழிச்சிட்டுக் கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

சிரித்தார். நல்ல மனுஷன்தான். பட்டாளம் கலைந்து அடகுக்கடையில் கிடந்த மேளத்தை என் அப்பா எனக்கு வாங்கியதைச் சொன்னேன். அவர் கரும்புக் காட்டிலிருந்து வந்தவர், ஒருவன் கூவினால் நாற்பது பேர் வெட்டுக்கத்தியோடு பதில் கூவுவார்கள், அதைத்தான் கொம்பு ஒன்று சொல்ல மற்றக் கொம்புகள் பதில் சொல்வதாக நாங்கள் வாசித்தோம் என்றேன். உன் அப்பா உன்னைத் தோளில் வைத்து ஆப்பரா மாடிக்குக் கூட்டிப்போனதையும், கிளாரினெட்டைத் தொடுவதற்கு முன் வாத்தியார் உன்னை இரண்டு வருஷம் வாயால் ஸ்வரம் பாட வைத்ததையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு சிநேகிதன்" என்றேன்.

அப்போது அவர் ஒரு இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார். நீ சிகாகோ போன புதிதில் சொந்தப் பெயரில் வாசித்தாயே, அந்த ஒரே தட்டு. நடுவில் நீ மேலே ஏறி, உடைந்து, சறுக்கிக்கொண்டு கீழே வருகிறாயே, அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"இந்தச் சறுக்கல் வேற எவன்கிட்டேயும் கிடையாது. இது எங்கேருந்து வந்தது? இந்த அனத்தோல் மொரெல் என்ன ஆனார்?"

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். இருமல் வந்ததுபோல் இருமினேன். வயசானவன் என்று விட்டுவிட்டார். மறுபடி வருவார். நான் என்ன சொல்ல? நீயே சொல்.

உன்
ஓனேசீம்

(ஓடெலியாவின் வணக்கமும்.)


சிகாகோ
1958 மார்ச் 21

அன்புள்ள ஓனே,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். இரண்டாம் முறை படிக்கத் தைரியம் வரவில்லை. பாப்தீஸ்த் இறந்தது எனக்குத் தெரியாது. ஓடெலியாவுக்கு என் அனுதாபத்தைச் சொல்.

ஓனே, கெஞ்சிக் கேட்கிறேன். அனத்தோல் மொரெல் 1922-ல் நெஞ்சுச் சளி வந்து செத்தான் என்று அந்த மனிதரிடம் சொல்லிவிடு. ஒரு வகையில் அது பொய்யும் அல்ல. அந்த வருஷத்திலிருந்து நான் டோனி மொரெல்லி. பாலெர்மோவிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பத்தின் பிள்ளை. கறுப்பன் என்று தெரியாத என் வெளிர் நிறத்தைப் பார்த்து முதலில் அவர்களாகவே அப்படி நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. வெள்ளைக்கார இசைக்குழுவில், வெள்ளைக்கார ஓட்டலில், முன்வாசல் வழியாகப் போய் இருபத்தெட்டு வருஷம் வாசித்தேன். என் மனைவி டோரதிக்குத் தெரியாது. மகள் லொரெய்னுக்குத் தெரியாது. அவள் கணவன் வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதினால் ஓடெலியாவின் பேனா கூசும்.

லொரெய்னுக்குப் பழைய இசைத்தட்டு என்றால் உயிர். இதைப்பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் வாங்கிவிடுகிறாள். சின்ன வயதில் அவளும் கேட்டாள், "அப்பா, இப்படிச் சறுக்கி வாசிக்க யார் சொல்லிக் குடுத்தா?" ஆப்பராவில் பாடிய என் இத்தாலியத் தாத்தா என்றேன். இன்றுவரை எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்கிறாள்.

அம்மாவைப் பற்றிப் பேசாதே. பேசினால் அந்தச் சறுக்கல் வந்துவிடும். சறுக்கல் வந்தால் நான் வந்துவிடுவேன்.

பல் போய்விட்டது, இப்போது வாசிப்பதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

என்றும் உன்
அ.


நியூ ஆர்லியன்ஸ்
1958 ஏப்ரல் 13

டேய் அனத்தோல்,

எழுத்து தெரியாதவனிடம் கடிதத்தை எரிக்கச் சொல்கிறாய். ஓடெலியா ஒருமுறை படித்தாள். வரிக்கு வரி உள்ளே நின்றுவிட்டது. தாளை எரித்துவிட்டேன். மற்றதை எதைக்கொண்டு எரிப்பது?

அம்மாவைப் பற்றிப் பேசாதே என்கிறாய். ஹோல்கம் கேட்கும் நாலு பத்தியும் அந்த ஒரு பொம்பளைக்குள் இருந்ததடா. உன் அம்மா, தெருவுக்கே மா செவெரீன், விடியற்காலையில் தலையில் கூடையோடு இறங்குவாள். வெள்ளைத் துணிக்கு அடியில் அரிசிப் பணியாரம், சூடு ஆறாமல். சூடான பணியாரம் என்று கூவும்போது குரல் மேலே போகும், உச்சியில் ஒரு விரிசல் விழும், அங்கேயிருந்து வழுக்கிக்கொண்டு கீழே வரும். மூன்றாம் தெருவில் படுத்திருப்பவனுக்கும் பசிக்கும். நீ கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாய். ஆப்பரா மாடியில் நீ கேட்டது சாயங்காலத்துக்கு. இதைத்தான் பசித்த வயிற்றோடு கேட்டாய்.

என் கையில் இருக்கிற தாளமும் அவளுடையதுதான். கோயிலில் பாட்டு முடிந்து பெஞ்சுகளை ஒதுக்கினதும் கிழவிகள் வட்டமாகச் சுற்றுவார்கள். பாதத்தைத் தூக்கக்கூடாது, தூக்கினால் அது ஆட்டம், பாவம். குதிகாலால் மட்டும் பலகையை இடிப்பார்கள். மூன்று இடி, கொஞ்சம் இடம் விட்டு இரண்டு. அடிமைகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட விட்ட சதுக்கத்தில், மரத்தடியில் அவளுடைய பாட்டி ஆடியது அது. சதுக்கத்தில் மேளத்தை நிறுத்தினார்கள். குதிகாலை யார் நிறுத்துவது? பெஞ்சுக்கு அடியில் படுத்து அந்தக் குதிகால்களைப் பார்த்துத்தான் நான் அடிக்கக் கற்றேன்.

இப்போது அவள் சாவைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாதது.

1931 செப்டம்பர் 8, செவ்வாய். தந்தி கொடுத்தோம். "புறப்படுகிறேன், வைத்திருங்கள்" என்று பதில் வந்தது. வைத்திருந்தோம். அந்த வெயிலில் மூன்று நாள். பாப்தீஸ்த் பனிக்கட்டி சுமந்து சுமந்து தோள் வெந்துபோனான். வருகிற ரயிலுக்கெல்லாம் ஆள் அனுப்பினோம். நாலாம் நாள் பாதிரியாரே, "இனிமே அந்தம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்கப்பா" என்றார்.

சாகக் கிடக்கும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு கைக்குட்டை கொடுத்தாள். நீ சிகாகோ போகிறபோது உனக்கென்று அவள் தைத்தது. ரயில் பிடிக்கிற அவசரத்தில் பெஞ்சில் விட்டுவிட்டுப் போனாயே, அதேதான்.

"ஓனே, எனக்கு அடிக்கும்போது இதைச் செருகு. எம்புள்ள பக்கத்துல நிக்கும்போது உருவு" என்றாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓட்டல் மேளம் கேட்டுக் கேட்டு மறந்திருப்பாய், சொல்கிறேன். மேளத்துக்கு அடியில் கம்பி, கம்பிக்கும் தோலுக்கும் நடுவே கைக்குட்டை. கல்லறைவரை ஊமை அடி. உடம்பைக் கல்லறையில் ஒப்படைத்ததும் மேளக்காரன் கைக்குட்டையை உருவுவான். கம்பி தோலில் ஒட்டும், மேளத்துக்கு நாக்கு வரும், நான் ஒரு உருட்டு உருட்டினால்தான் கொம்புகள் வீடு திரும்பும் பாட்டை எடுக்கும். செத்தவள் போய்ச்சேர்ந்தாள், இருக்கிறவன் ஆடு என்று அதற்கு அர்த்தம்.

உடம்பை ஒப்படைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடு திரும்பும் பாட்டுக்கு ஆட, தெரு நிறையக் குடையை விரித்துக்கொண்டு சனம் நிற்கிறது. நான் உருவவில்லை.

"உருவுடா, ஓனே!" என்று பாப்தீஸ்த் பல்லைக் கடித்தான்.

"அவன் வரட்டும்" என்றேன்.

குடைகளை மடக்கிக்கொண்டு ஊமையாக வீடு திரும்பினோம். இந்த ஊரில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை, பின்னாலும் இல்லை. செவெரீனை நான் பாதி வழியில் நிறுத்திவிட்டேன் என்று கிழவிகள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அவர்கள் சொன்னது சரி. பிடிவாதத்தில் செய்தேன். உன்மேல் இருந்த கோபத்தை அவள்மேல் இறக்கினேன். மற்றச் சாவுக்கெல்லாம் வேறு துணி செருகி அடித்தேன். அந்தக் கைக்குட்டையை அவள் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடிப்பார்கள், கூட்டத்தில் உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. வந்து அவள் பக்கத்தில் நில். நான் கைக்குட்டையை உருவுகிறேன். அதற்குப் பிறகு நீ செத்தாய் என்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், பிறக்கவே இல்லை என்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். அதுவரை ஹோல்கமை முழங்கால் வலி சொல்லி நிறுத்திவைக்கிறேன்.

ஓனேசீம்

(ஓடெலியா: சில வார்த்தைகளை விட்டிருக்கிறேன். பனிக்கட்டி சுமந்தது உண்மை. தழும்பு கடைசிவரை இருந்தது.)


சிகாகோ
1958 அக்டோபர் 12

அன்புள்ள ஓனே,

ஆறு மாதம் உன் கடிதத்தைக் கோட்டுக்குள் வைத்துத் திரிந்தேன்.

1931-ல் நான் ரயில் ஏறினேன். நீ நம்ப மாட்டாய். வெள்ளையர் பெட்டியில் ஏறினேன், அந்தச் சீட்டுதான் என்னிடம் இருந்தது. மெம்பிஸில் இறங்கி மேடையில் நின்றேன். எந்தப் பெட்டியில் ஏறி ஊருக்குள் வந்து இறங்குவது என்று தெரியவில்லை. வெள்ளையர் பெட்டியிலிருந்து இறங்கினால் உங்களுக்கு முகம் காட்ட முடியாது. கறுப்பர் பெட்டியிலிருந்து இறங்கினால் திரும்பி வீட்டுக்குப் போக முடியாது. ரயில் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பிறகு வடக்கே வந்த வண்டியில் ஏறினேன்.

இந்த முறை வருகிறேன். இசை பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று லொரெய்ன் காரில் கிளம்புகிறாள். என்னையும் அழைக்கிறாள். முதல் தேதி காலையில் அவளை ஓட்டலில் விட்டுவிட்டுத் தனியாக வருவேன். மேளத்தைக் கொண்டுவா. கட்டாயம் கொண்டுவா.

உன்
அனத்தோல்


நியூ ஆர்லியன்ஸ்
1958 நவம்பர் 9, ஞாயிறு

அனத்தோலுக்கு,

நீ பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பாய். வழியில் மழை என்று கேள்விப்பட்டேன். இது கடைசிக் கடிதம், அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றா என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

ஆறு மணிக்கே போய்விட்டேன். டிராம் வண்டியில் கறுப்பர் பின்னால் உட்கார என்று வைத்திருந்த பலகையை மே மாதமே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பின்னால்தான் போய் உட்கார்ந்தேன், கால் தானாகப் போகிறது. ஓடெலியா மேளத்தைத் தூக்கிவந்தாள். மா செவெரீனுக்கு வெள்ளையடித்தேன். மஞ்சள் செவ்வந்தி வைத்தேன். கைக்குட்டையைச் செருகி, கம்பியை முடுக்கி, காத்திருந்தேன்.

பத்து மணிக்கு நீ வாசலில் வந்தாய். நடையைப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண். ஓட்டலில் இருக்க மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்திருப்பாள், எனக்குப் புரிகிறது. நீ திரும்பிப் போகாமல் நேராக வந்தாய், அதற்கு உன்னைப் பாராட்டுகிறேன். வந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாய்:

"என்ன கிழவா, இது யாரு கல்லறை?"

நாற்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நீ பேசிய முதல் பேச்சு.

"அரிசிப் பணியாரம் வித்த ஒரு அம்மாங்க, ஐயா" என்றேன். ஐயா என்று சொல்லும்போது உன் தாடை ஆடியதைப் பார்த்தேன்.

உன் மகள் நல்ல பெண். குனிந்து பெயரைத் தடவிப் பார்த்தாள். "மேளம் எதுக்கு, தாத்தா?" என்றாள். அந்த நிறத்தில் இருக்கிற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இந்தம்மாவுக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கும்மா."

"எப்படிக் கூவி விப்பாங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நீ அவள் கையைப் பிடித்தாய். "வா லொரெய்ன், நேரமாச்சு."

எனக்கு ஞாபகம் இருந்தது. வேண்டுமென்றே செய்தேன், மறைக்க மாட்டேன். எழுந்து நின்று கூவினேன். கிழட்டுக் குரல்தான், ஆனாலும் அந்த விரிசல் சரியாக விழுந்தது. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா! இது நீங்க வாசிக்கிற இடம்!"

நீ சிரித்தாய். "தெருவுல கூவுறவங்க எல்லாரும் அப்படித்தான் கூவுவாங்க, கண்ணு. இத்தாலியிலயும் அப்படித்தான்."

அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அது யார் நெற்றி என்று உனக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டாள்:

"இவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

நான் உன்னைப் பார்த்தேன், அனத்தோல். நேரம் கொடுத்தேன். ஒரு பாட்டின் முதல் வரி அளவுக்குக் கொடுத்தேன். மெம்பிஸ் மேடையில் நின்றவனுக்கு இரண்டு ரயில் நேரம் போதவில்லை, இது எப்படிப் போதும்? நீ உன் சப்பாத்தைப் பார்த்தாய். வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு சொட்டு அதில் விழுந்திருந்தது. அதைத் துடைத்தாய்.

"இல்லம்மா. பிள்ளை இல்லை" என்றேன்.

நீ மூச்சு விட்டதைக் கேட்டேன். மேளக்காரன் காது.

நீங்கள் போன பிறகும் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை ஓட்டலில் விட்டுவிட்டுத் திரும்பி வருவாய் என்று. ஓடெலியா, "போதும், எழுந்திரு" என்றாள். உருவாமல் வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை ஹோல்கம் வந்தார். பெட்டியை என் சமையலறை மேசையில் வைத்தார். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். எல்லாவற்றையும் சொன்னேன். செவெரீன் என்ற பெயரை மூன்று முறை நிறுத்திச் சொன்னேன், நாடா நன்றாகப் பிடிக்கட்டும் என்று. கூடையைச் சொன்னேன், குதிகாலைச் சொன்னேன், அந்த உச்சியும் விரிசலும் அவளுடையது என்றேன்.

"அனத்தோல் மொரெல் அவங்ககிட்ட கத்துக்கிட்டாரா?"

"தெருவுல போன பசங்க எல்லாரும் கேட்டாங்க. அவனும் கேட்டிருப்பான்."

"அவருக்கும் இந்தம்மாவுக்கும் ஏதாவது உறவு?"

"இல்லை. அந்தம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது. மொரெல் இருபத்திரெண்டாம் வருஷமே செத்துட்டான். நெஞ்சுச் சளி."

எழுதிக்கொண்டார். இனி அது புத்தகத்தில் வரும். உன் மகள் வாங்கிப் படிப்பாள், நிம்மதியாக இரு. நான் சொன்ன பொய்யைப் பின்னால் யாரும் மாற்ற முடியாது, அந்தக் காலத்தைச் சொல்ல இங்கே மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். நீயே வந்து நான்தான் மகன் என்று சொன்னாலும் இனிமேல் ஹோல்கம் நம்ப மாட்டார்.

பிறகு மேளத்தை எடுத்தேன். ஊமை அடியில் கல்லறைக்குப் போகும் பாட்டை அடித்தேன், சமையலறைதான், முழுத் தெருவும் நடந்தாற்போல. முடிந்த இடத்தில் கைக்குட்டையை உருவினேன். யாருக்கும் காத்திருக்கவில்லை. இருபத்தேழு வருஷம், இரண்டு மாதம் அவளை நிறுத்திவைத்தது போதும். கம்பி தோலில் ஒட்டியது. உருட்டினேன். கொம்பு இல்லை, குடை இல்லை. ஓடெலியா அழுதுகொண்டே கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்து விரித்து, மேசையை ஒருமுறை சுற்றிவந்தாள். குதிகாலால். அந்தச் சத்தமும் நாடாவில் இருக்கிறது.

அவள் கல்லறையில் இன்னொரு சவப்பெட்டிக்கான மேலடுக்கு உனக்கென்று வைத்திருந்தது. சங்கத்தில் சொல்லி என் பெயருக்கு மாற்றிவிட்டேன். அவள் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். என் காலைப் பார்த்தால் அதிக நாள் காலியாக இருக்காது.

உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தவரை நீ எனக்கு உயிரோடு இருந்தாய். புதன்கிழமை அடித்த பாட்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத்தான்.

கைக்குட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா உனக்கென்று தைத்தது, என்னிடம் இனி அதற்கு வேலை இல்லை. அதன் மூலையில் நீல நூலில் ஒரு பூ இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நேற்று மடிக்கும்போது ஓடெலியா பார்த்துவிட்டு, பூ இல்லை, உன் பெயரின் முதல் எழுத்து என்றாள். எனக்கும் எழுத்து தெரியாது, செவெரீனுக்கும் தெரியாது. யாரையோ கெஞ்சி வரைந்து வாங்கி, கோணாமல் தைத்திருக்கிறாள்.

நூலைப் பிரித்துவிட்டு அனுப்பவா என்று ஓடெலியா கேட்டாள், உன் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. வேண்டாம் என்றேன். அதை நீயே பிரித்துக்கொள்.

ஓனேசீம்